பல்லி விழுந்த பலன்

நடுவர் அவர்களே, மாட்டுங்கா மக்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் பல்லிக்கு வந்துவிடுகிறேன்.

உலகத்தைக் கட்டிக் காப்பது அணுக்கருவுக்குள் இருக்கும் விசையா, மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் விசையா? இதுதான் தலைப்பு. நான் மூலக்கூறுகளின் கட்சி. அவை ஒன்றையொன்று லேசாக இழுக்கும் வாண்டர் வால்ஸ் விசை போன்றவை எங்கள் அணி. புரோட்டான்களை விலக்கித் தள்ளும் மின்விசையைவிட அணுக்கரு விசை சுமார் 100 மடங்கு பெரியது என்றார் எதிரணித் தலைவர். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பேட்டை ரவுடி மாதிரி. அணுக்கருவைத் தாண்டினால் செல்லாது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள் வாண்டர் வால்ஸ் விசை, சுவரில் பல்லி ஒட்டுகிற ஒட்டு" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, பல்லி ஒட்டுவதே வாண்டர் வால்ஸ் விசையால்தான்! அதன் காலில் பசை கிடையாது. விரலடியில் லட்சக்கணக்கில் நுண்மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் நூற்றுக்கணக்கில் கிளைகள். அத்தனையும் சுவரோடு படிகின்றன. ஒவ்வொன்றின் இழுப்பும் அற்பம். மொத்தமும் சேர்ந்தால் கூரையில் தலைகீழாக நடக்கலாம்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறை. நாங்கள் ஆறு பேர், டியூப்லைட் மேல் ஒரு பல்லி. வாடகை கொடுக்காதது இரண்டு ஜீவன்கள்: அந்தப் பல்லி, அப்புறம் என் நண்பன். ஒருநாள் ராத்திரி முதலாவது இரண்டாவதன் தலையில் விழுந்தது. அலறிய அலறலில் பக்கத்து அறை மராத்திக்காரர் தடியோடு வந்துவிட்டார். நண்பன் ஊருக்கு போன் போட்டு, நள்ளிரவில் பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொன்னான். தலையில் விழுந்தால் கலகமாம். பலித்துவிட்டது. எல்லோரும் விழித்திருக்கிறோமே என்று அப்போதே வாடகைப் பாக்கியைக் கேட்டோம்!

நடுவர் அவர்களே, பல்லி விழுந்தால் பலன் எழுதிய முன்னோர், ஒட்டியிருந்தால் என்ன பலன் என்று ஏன் எழுதவில்லை? விழுவதுதானே அதிசயம்!

மணி அடித்துவிட்டது. ஒரே நிமிடம்.

பல்லிக்கு ஒட்டத் தெரிந்தால் போதாது. அடுத்த அடி வைக்க, விடவும் தெரிய வேண்டும். விரலை நுனியிலிருந்து சுருட்டி உரிக்கும், விட்டுவிடும். நம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளைச் சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் எங்கள் அணிதான், அதுவும் அப்படித்தான். அது விட்டுக்கொடுத்துப் பிரிவதால்தான் இழை பிரதியாகிறது. விடாப்பிடியாக நின்றிருந்தால் என் அம்மாவுக்கு நான் பிறந்திருக்க மாட்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஜன்னல் கம்பியோடு சேர்த்து என் கையைப் பிடித்திருந்தாள் அம்மா. பம்பாய் வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தாள். அப்புறம் விட்டாள். ஒவ்வொரு விரலாக.