கொடுத்ததை மறந்தவர்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

காலண்டர்படி ஆண்டு டிசம்பர் 31-ல் முடிகிறது. திருச்சபையின் ஆண்டு அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும் ஞாயிறு, கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு. அன்றுதான் கிறிஸ்து அரசர் பெருவிழா. 1925-ல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இந்த விழாவை ஏற்படுத்தியபோது அது அக்டோபர் கடைசியில் இருந்தது. பிறகுதான் ஆண்டின் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கும். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையார் அட்வென்ட் என்பார்கள். இதையெல்லாம் அறியாதவர்களுக்கும் நம் குமரி மாவட்டத்தில் ஓர் அடையாளம் உண்டு: வீட்டு வாசல்களில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும்.

முடிகிற ஆண்டின் கடைசி மாதத்தைத் திருச்சபை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே புல் செதுக்கி, வெள்ளையடித்து, அன்று சாயங்காலம் பூவும் மெழுகுதிரியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அதற்கென்றே லீவு போட்டு வருவார்கள். ஆனால் மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறைகூட இல்லாத குடும்பங்கள் நம் கடற்கரையில் நிறைய உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் எங்கே போய்த் திரி ஏற்றுவது? அவர்களுக்கு மிஞ்சியிருப்பது பூசையில் வாசிக்கப்படும் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை அவசர அவசரமாக வாசித்துவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. நிறுத்தி வாசித்தால் என்ன?

2017-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கிறிஸ்து அரசர் ஞாயிறு நவம்பர் 26-ல் வந்தது. அன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசித்த நற்செய்தி, மத்தேயு 25-ஆம் அதிகாரம். "பசியாக இருந்தேன், உணவு கொடுத்தீர்கள், அந்நியனாக இருந்தேன், சேர்த்துக்கொண்டீர்கள்" என்று அரசர் சொல்லும் பகுதி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்த ஞாயிற்றுக்கு அந்த வாசகம் வரும். அதைக் கேட்டு நான்கு நாள்கூட முழுதாக ஆகவில்லை, புதன் இரவும் வியாழனுமாக ஒக்கிப் புயல் அடித்தது. திருச்சபை ஆண்டின் கடைசி வாரம் அது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, கரண்ட் போய்விட்டது. கரையிலோ வேறு கணக்கு. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, பூத்துறை என்று ஊர் ஊராகப் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். டீசல் யார் கொடுத்தது, சோறு யார் பொங்கியது என்று இன்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்து வந்த ஞாயிறு டிசம்பர் 3. அதுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருநாளும் அதே நாள். புது ஆண்டு அப்படித்தான் பிறந்தது.

மத்தேயு சொல்லும் அந்தப் பகுதியில் நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. நல்லவர்கள் அரசரிடம், "ஆண்டவரே, நாங்கள் எப்போது உமக்குச் சோறு போட்டோம்?" என்று கேட்கிறார்கள். அது பணிவுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை; அவர்களுக்கு நிஜமாகவே நினைவில்லை. கொடுத்தார்கள், மறந்துவிட்டார்கள். இறந்தவரை மறக்காதே என்று மாதம் முழுக்கச் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் திருச்சபை நம் கையில் கொடுப்பது கொடுத்ததை மறந்துபோனவர்களின் கதையை.

நம் மாவட்டத்தில் இதற்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. பிடியரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பது, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோவது. எத்தனையோ சபைகளில் ஏழைகளுக்கான உதவியும் ஊழியச் செலவும் பெண்களின் இந்தக் கைப்பிடியால் நடந்திருக்கின்றன. எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழுந்தபிறகு இது யார் வீட்டு அரிசி என்று யார் கண்டுபிடிப்பது? கடற்கரைப் பங்குகளில் மீன்பாட்டில், அதாவது பிடித்த மீனில், ஒரு பகுதி கோயிலுக்குப் போனதும் ஏறக்குறைய இந்த மாதிரிதான், ஆனால் அதில் கணக்கும் சண்டையும் உண்டு. அது தனிக் கதை.

விளைச்சலை ஆலயத்துக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்துக்கு வேறு ருசி. வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, சேவல் என்று கொண்டுவந்து குவிப்பார்கள். சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து ஒரு பூசணிக்காயை எடுத்தவர், அதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். அதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. இருக்கட்டுமே. பெருமைக்காகக் கொடுத்தாலும் பசித்தவன் வயிறு நிறையத்தானே செய்கிறது?

எனக்கு ஒவ்வாதது மைக்தான். திருவிழாவில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பது. ஐந்நூறு கொடுத்தவர் தலை குனிந்து நிற்கும்படி ஐம்பதாயிரத்தை இரண்டு முறை வாசிப்பார்கள். எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு சீடரைக் கூப்பிட்டுக் காட்டினார், உண்மைதான். ஆனால் அவள் பெயர் மாற்குவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. அப்புறம் ஆலய பெஞ்சில் எழுதியிருக்கும் பெயர்கள்? "அம்மா நினைவாக", "மகன் நினைவாக" என்று இருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. அது கொடுத்தவரின் பெயர் அல்லவே, போனவரின் பெயர்.

கிறிஸ்தவராகி, திருவிதாங்கூர் அரசின் சிறையில் இருந்த புனித தேவசகாயத்தை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் வீசிவிட்டார்கள். கிடைத்த எலும்புகளை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தவர்கள் யார்? அரசாங்கத்தின் கோபத்துக்கு அஞ்சாமல் அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? 2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது நாம் பட்டாசு வெடித்தோமே, அவர்கள் எடுத்துவந்து வைத்த கல்லறைதான் இன்றும் நாம் போய் நிற்கும் இடம்.

இன்னும் சில நாளில் கிறிஸ்துமஸ் செலவுக்குப் பங்குப்பேரவையும் சபைக் கமிட்டியும் கூடும். குடில், சீரியல் லைட், கேரல் பவனி எல்லாவற்றுக்கும் தொகை ஒதுக்குவார்கள். உங்களில் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால் இரண்டு விஷயம் எழுப்பிப் பாருங்கள். நன்கொடைப் பட்டியலை இந்த வருஷம் மைக்கில் வாசிக்க வேண்டாம், அறிவிப்புப் பலகையில் மொத்தத் தொகையை மட்டும் எழுதலாம். அந்த நேரத்தில் கடலில் போனவர்களின் பெயர்களை நிறுத்தி நிதானமாக வாசிக்கலாம். வசூல் குறையும் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். எவ்வளவு குறைகிறது என்று ஒரு வருஷம் பார்த்துவிடுவோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.