சுசீந்திரத்துக்கு ஒரு அரைநாள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். விடியற்காலையில் சூரிய உதயம், அப்புறம் படகு, விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சங்கு வளையல் கடை. ஊருக்குத் திரும்பும்போது கொட்டாரம், வழுக்கம்பாறை தாண்டியதும் வலிய கோபுரம் ஒன்று தெரியும். "சுசீந்திரம் பாக்கணுமா? அரைமணி நேரம் தாரேன்" என்பார் வேன் டிரைவர். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு மனசு ஆறாத விஷயம். கன்னியாகுமரியிலிருந்து 13 கிலோமீட்டர்கூட இல்லாத ஊர் இது. ஒரு அரைநாள் கொடுங்கள் என்று கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

போன தை மாதம் என் தங்கை மகள் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் பையனுக்குப் பத்து வயது. கோபுரத்தைப் பார்த்ததும், "தாத்தா, வள்ளுவர் சிலையை விட உயரமா?" என்று கேட்டான். சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, இந்த ஏழுநிலைக் கோபுரம் 134 அடி. ஒரு அடிதான் வித்தியாசம் என்றதும் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் போவது இங்கே வழக்கம்.

மூலவர் பெயரே ஒரு கதை. தாணு என்றால் சிவன், மால் என்றால் விஷ்ணு, அயன் என்றால் பிரம்மா. மூவரும் சேர்ந்தவர் தாணுமாலயன். அனுசூயையின் கற்பைச் சோதிக்க வந்து குழந்தைகளாகிப் போன மும்மூர்த்திகள் இவர்கள் என்கிறது தலபுராணம். கௌதமர் சாபம் தீர இந்திரன் வந்து சுத்தமான இடம் என்பதால் சுசீந்திரம் என்றும் சொல்வார்கள். இரவு கடைசிப் பூஜையை இந்திரனே வந்து செய்கிறான் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. அதனால் மாலையில் பூஜை செய்தவர் மறுநாள் காலையில் நடை திறக்கமாட்டார் என்று சிறுவயதில் என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோவிலின் பழைய வாசம் எனக்குப் பிடிபட்டது அந்தக் கதையில்தான்.

அலங்கார மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒற்றைக் கல்லைக் குடைந்து, ஒரு பெரிய தூணுக்குள் கொத்துக் கொத்தாகச் சிறுதூண்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பருமனும் வேறு, அதனால் நாதமும் வேறு. கோவில் ஊழியர் ஒருவர் விரல்மொட்டியால் மெல்லத் தட்டினார். பக்கத்துத் தூணில் காதை ஒட்டி வைத்திருந்த பையன் அப்படியே அசையாமல் நின்றுவிட்டான். ஒரு தூணில் மிருதங்கம் மாதிரி, இன்னொன்றில் தம்புரா மாதிரி. கருங்கல்லின் குணத்தைக் காதால் அறிந்தவர்கள் செய்த வேலை இது. தயவுசெய்து நாணயத்தாலும் சாவியாலும் தட்டிப் பார்க்காதீர்கள். கேட்கவேண்டும் என்றால் ஊழியரிடம் சொல்லுங்கள். எத்தனையோ தலைமுறை கேட்கவேண்டிய கல் அது.

18 அடி ஆஞ்சநேயர் முன்னால் எப்போதும் கூட்டம்தான். வெண்ணெய்ச் சாத்தலும் வடைமாலையுமாக இருப்பார். சனிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

சரி, தரிசனம் முடிந்ததும் உடனே வண்டி ஏறிவிடாதீர்கள். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒருமுறை நடக்கவேண்டும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

என் பாட்டா கருப்பட்டி வியாபாரி. பனையோலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டாறு சந்தைக்குப் போவார். சாதியைக் காரணம் காட்டி, இந்தத் தெருக்களில் அவர் கால் வைக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். வயல் வரப்பில் சுற்றித்தான் போகவேண்டும், மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேற்றில். கோவில் தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டு வைக்கத்தில் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, 1926ஆம் ஆண்டு இங்கேயும் சத்தியாகிரகம் தொடங்கியது. கேட்டது கோவிலுக்குள் நுழையக்கூட அல்ல, வெளியே உள்ள தெருவில் நடக்க. கோட்டாறு டாக்டர் எம். இ. நாயுடு முன்னின்று நடத்தினார். 1930இல் மறுபடியும் போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், இந்துக்களில் எல்லாச் சாதியினரும் கோவிலுக்குள் போகலாம் என்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தபிறகு கோவில் வாசலே திறந்தது.

பாட்டா முதல்முறை உள்ளே போனபோது என் அப்பாவுக்கு ஆறு வயது. அவரையும் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். சந்நிதியில் என்ன பார்த்தார்கள் என்று அப்பாவுக்கு நினைவில்லை. திரும்பும்போது பாட்டா நான்கு தெருவையும் ஒரு சுற்று நடந்தார், அதன்பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தார் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அப்பா கடைசிவரை தரிசனம் முடிந்ததும் அந்த ஒரு சுற்று நடக்காமல் பஸ் ஏறமாட்டார்.

தங்கை மகளுக்கும் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். தெப்பக்குளத்துப் படியில் வந்து உட்கார்ந்து, வாங்கி வைத்திருந்த மட்டிப்பழத்தை உரித்துத் தின்றோம். குளத்தின் நடுமண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது.

எப்போது வரலாம் என்று கேட்பீர்கள். மார்கழித் தேரோட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. நான் சொல்வது நவராத்திரிக்கு முந்தின நாட்கள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் புறப்படுவாள். பத்மநாபபுரத்தில் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சேர்ந்துகொள்ள, மூவரும் களியக்காவிளை எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவார்கள். நவராத்திரி முடிந்துதான் திரும்புவார்கள். வழியெங்கும் வீட்டு வாசல்களில் விளக்கும் தட்டுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள்.

பையன் அடுத்த நவராத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மன் புறப்படும்போது தெருமுனையில் இருவரும் நிற்போம். நீங்களும் வாருங்கள்.

வணக்கம்.