முன்சக்கரத்துக்கு ஒரு வேலை போதும்

நடுவர் அவர்களே, மார்த்தாண்டத்தில் இந்தத் தூறலிலும் குடை பிடித்துக்கொண்டு கேட்கிற பெரியோர்களே, வணக்கம். பந்தயத் தளத்தில் சிறந்தது இன்ஜின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகிற நான்கு சக்கர இயக்கமா, பின்னால் இரண்டுக்கு மட்டும் போகிற பின்சக்கர இயக்கமா என்பது தலைப்பு. நான் பின்சக்கரத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்துச் சேற்றில் ஜீப் ஏறுவதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஏறும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் தலைப்பில் இருப்பது சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் மாதிரித் தார்த் தளம். அங்கே சேறு ஏது?

ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். பாதி வளைவு தாண்டியதும் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். எடை பின்னால் சாய்கிறது. பின் டயர் தரையில் அழுந்துகிறது, முன் டயர் லேசாகிறது. வண்டியைத் திருப்புகிற வேலையே முன் டயருக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. அதனிடம் போய் ‘நீயே இழுக்கவும் செய்’ என்றால்? பந்தி பரிமாறுகிறவரையே வாசலில் பன்னீர் தெளிக்கவும் நிறுத்தின கதைதான். டயரின் பிடிமானம் ஓர் அளவுதான் நடுவர் அவர்களே; இழுக்கச் செலவானது திருப்பக் கிடைக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளைவை விட்டு வெளியேதான் ஓடப் பார்க்கும். ஓட்டுநர் காலை எடுப்பார், நேரம் போகும். அப்புறம் முன்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகிற டிஃபரென்ஷியல், ஷாஃப்ட் என்று கூடுதல் எடை வேறு.

1969இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன், காஸ்வொர்த் என்ற நான்கு நிறுவனங்களும் ஃபார்முலா ஒன்னுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி செய்து பார்த்தார்கள். அதற்குள் அகல டயரும், காற்றின் விசையால் வண்டியைத் தரையோடு அழுத்துகிற இறக்கையும் வந்து பின்சக்கரத்துக்கு வேண்டிய பிடிமானத்தைக் கொடுத்துவிட்டன. அந்த வண்டிகள் சேர்த்த சாம்பியன்ஷிப் புள்ளி ஒன்றே ஒன்று, கனடாவில் மாட்ரா ஆறாவதாக வந்தபோது. அதையும் முன்சக்கர இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு!

‘1961இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் தளத்தில் பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் ஃபெர்குசன் நான்கு சக்கர இயக்க வண்டியில் ஜெயித்தாரே’ என்றார் அண்ணாச்சி. ஜெயித்தார், ஈரத் தளத்தில். சரி, மழைக்குரிய மதிப்பெண்ணை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அண்ணாச்சியின் பிரம்மாஸ்திரம், நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற நான்கு சக்கர இயக்கக் கார். 1990 முதல் 1993 வரை ஜப்பானின் குரூப் ஏ கார்ப் பந்தயத் தொடரில் 29க்கு 29 வென்ற அதன் ஆர்32 ரகம். அந்த வண்டி சாதாரணமாக ஓடும்போது இன்ஜின் விசை முழுக்க எங்கே போகிறது தெரியுமா? பின்சக்கரத்துக்கு! பின்சக்கரம் வழுக்கினால்தான் கணினி முன்னால் கொஞ்சம் அனுப்பும், மிஞ்சிப்போனால் பாதி. நடுவர் அவர்களே, அந்த 29 வெற்றியில் எங்கள் அணியின் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.