பேசாமல் பிரிந்தவர்கள்: பிளிங்க்-182 கதை

நண்பர்களுக்கு வணக்கம்.

பாப் பங்க் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எந்த ஊரில் பிறந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அரை மணி நேரத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். பிளிங்க்-182. கலிஃபோர்னியாக்காரர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறார்கள், இரண்டு முறை உடைந்திருக்கிறார்கள், இரண்டு முறையும் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள். குழுக்கள் உடைந்தால் பணம் என்போம், ஈகோ என்போம். இவர்கள் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. இவர்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து சண்டை போடத் தெரியாமல் பிரிந்தார்கள்.

முதலில் இந்த இசையைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுபதுகளில் நியூயார்க்கில் ரமோன்ஸ் போன்றவர்கள் வாசித்த பங்க், வேகமான இசை. மூன்று கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரிந்தால் போதும், மேடை ஏறிவிடலாம். அந்த வேகத்துக்குள் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டை வைத்தால் அது பாப் பங்க். கிடாரில் இவர்கள் பெரும்பாலும் முழு கார்டு பிடிப்பதில்லை. நம் பாஷையில் சொன்னால் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான். நடுவில் இருக்க வேண்டிய காந்தாரம் கிடையாது. காந்தாரம் இருந்தால்தான் அது மேஜரா மைனரா என்று காதுக்குத் தெரியும். இங்கே அது இல்லாததால் பாட்டு சந்தோஷமா சோகமா என்று கிடார் சொல்லாது. பாடுகிறவன் குரல்தான் சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால், இவர்களுடைய விளையாட்டுப் பாட்டுகளில்கூட ஏன் ஒரு ஏக்கம் கேட்கிறது என்பது புரியும்.

சரி, கதைக்கு வருவோம். சான் டியேகோவுக்குப் பக்கத்தில் பொவே என்று ஒரு புறநகர். 1992 ஆகஸ்ட். டாம் டெலாங்குக்குப் பதினாறு வயது. குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போய், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பையன். மார்க் ஹாப்பஸுக்கு இருபது. மார்க்கின் தங்கைதான் இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தார். முதல் நாளே வீட்டு கராஜில் மணிக்கணக்காக வாசித்தார்கள். அந்த உற்சாகத்தில் டாமை அசத்துவதற்காகத் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறினார் மார்க். ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. விழுந்து காலை உடைத்துக்கொண்டு சில வாரம் ஊன்றுகோலோடு திரிந்தார். டிரம்ஸுக்கு ஸ்காட் ரேனர். அவருக்கு அப்போது பதினான்கு வயதுதான்.

பெயர் வெறும் 'பிளிங்க்'. 1995-இல் முதல் ஆல்பம் வந்ததும் அயர்லாந்திலிருந்து அதே பெயரில் இருந்த ஒரு குழு வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. பின்னால் 182 ஒட்டிக்கொண்டது இப்படித்தான். ஏன் 182 என்று கேட்டால் ஒவ்வொரு பேட்டியிலும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். எல்லாம் ரீல். சும்மா தோன்றிய எண் அது.

1997-இல் 'டூட் ரான்ச்'. அதில் 'டாமிட்' என்று ஒரு பாட்டு. இரண்டு தந்தி இல்லாத ஒரு கிடாரில் மார்க் உட்கார்ந்து போட்ட மெட்டு. இருந்த தந்திகளை வைத்தே அந்தத் தொடக்க வாசிப்பு பிறந்தது. கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் முதலில் வாசித்துப் பார்க்கிறார்கள். பழைய காதலியைச் சினிமா தியேட்டரில் இன்னொருவனோடு பார்க்க நேர்ந்தவனின் பாட்டு. வளர்வது என்றால் இதுதான் போல என்று அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவர்கள் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

மறு வருடம் ஸ்காட்டின் குடி அதிகமானது. குழுவிலிருந்து அவரை விலக்கினார்கள். எப்படித் தெரியுமா? தொலைபேசியில். ஆறு வருடம் ஒரே வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவனை நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டூரில் அவர்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்த அக்வாபேட்ஸ் குழுவின் டிரம்மர் ட்ராவிஸ் பார்க்கர், அதற்கு முன்பே ஸ்காட் இல்லாத ஒரு நாள் உதவிக்கு வந்திருந்தார். கச்சேரியின் பாட்டுகள் அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டு மேடை ஏறினார் என்பார்கள். அவர் வாசிப்பைக் கேட்டால் நம்பத்தான் தோன்றும். மற்ற இருவரும் சுமாரான வாத்தியக்காரர்கள், அவர்களே ஒப்புக்கொள்வார்கள். ட்ராவிஸ் அப்படியில்லை, அவர் மேதை. அவரே குழுவின் டிரம்மரானதும் குழு ஒரே தாவலில் வேறு இடத்துக்குப் போனது.

1999 ஜூனில் ஜெர்ரி ஃபின் தயாரிப்பில் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' வெளிவந்தது. கோடிக்கணக்கில் விற்றது. 'ஆல் த ஸ்மால் திங்ஸ்' அதில்தான் இருக்கிறது. வானொலிக்குப் போடுகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்பதற்காக டாம் கடைசியில் எழுதியது. அவருடைய காதலி படிக்கட்டில் ரோஜாப் பூக்களை வைத்துவிட்டுப் போனதெல்லாம் அதில் வரும். அதன் வீடியோவில் அன்றைய பாய் பேண்டுகளை, அதாவது ஆடிப் பாடும் பையன்கள் குழுக்களை, நன்றாக நக்கலடித்தார்கள். வெள்ளை உடை, கடற்கரை, காற்றில் பறக்கும் சட்டை என்று எதையும் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால் எம்டிவியில் அதே பாய் பேண்டுகளுக்கு நடுவிலேயே அந்த வீடியோ ஓயாமல் ஓடி, இவர்களுக்கும் அதே மாதிரி அலறுகிற ரசிகைகள் சேர்ந்துவிட்டார்கள். அதே ஆல்பத்தில்தான் டூரின் தனிமையைப் பற்றி மார்க் எழுதிய 'ஆடம்ஸ் சாங்'கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் வாசித்துவிட்டு அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. மார்க் அதைப் பாட்டாக எழுதினார். பக்கத்து அறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும்.

2001 ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. விரிசலும் அப்போதுதான் விழுந்தது. முதுகுவலியோடு இருந்த டாம், கொஞ்சம் இருண்ட இசை செய்து பார்க்க ஆசைப்பட்டு 'பாக்ஸ் கார் ரேசர்' என்று ஒரு தனி ஆல்பம் ஆரம்பித்தார். வெளி டிரம்மருக்கு எதற்குக் காசு என்று ட்ராவிஸையே வாசிக்கச் சொன்னார். மூன்று பேர் குழுவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டால் மூன்றாவது ஆளுக்கு எப்படி இருக்கும்? மார்க்குக்கு வலித்தது. 2003-இல் 'ஐ மிஸ் யூ' இருக்கிற ஆல்பத்தை மூவருமாகச் சேர்ந்து அருமையாகச் செய்தார்கள். ஆனால் அந்த வலியை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை.

2004 டிசம்பரில் நம் கடற்கரைகளையும் இலங்கையையும் சுனாமி தாக்கியது அல்லவா? அதற்கு நிதி திரட்ட 2005 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. பிளிங்க்-182 வாசிப்பதாக இருந்தது. அந்த ஒத்திகையில்தான் வெடித்தது. டாம் குடும்பத்தோடு இருக்க அரை வருட ஓய்வு கேட்டார். மற்றவர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் கச்சேரியில் அவர்கள் வாசிக்கவே இல்லை. அதன் பிறகு டாம் தொலைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டார். சொல்ல வேண்டியதை மேனேஜர்கள் சொன்னார்கள். நாலு நாள் கழித்து 'காலவரையற்ற இடைவெளி' என்று அறிக்கை வந்தது. டாம் ஒரு குழு தொடங்கினார், மார்க்கும் ட்ராவிஸும் இன்னொரு குழு தொடங்கினார்கள். மூன்றரை வருடம் முகம் பார்க்கவில்லை.

2008 ஆகஸ்டில் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபின் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வயது 39. அடுத்த மாதம், செப்டம்பர் 19, தெற்கு கரோலினாவின் கொலம்பியாவில் ட்ராவிஸ் ஏறிய சிறிய விமானம், கிளம்பும்போது டயர்கள் வெடித்து ஓடுபாதையைத் தாண்டிப் போய் எரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். ட்ராவிஸின் உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. டாம் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அப்புறம் ஃபோன் செய்தார். 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் மூவரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

இங்கேதான் எல்லாரும் கை தட்டுவோம். ஆனால் விபத்து அவர்களை ஒன்றாக நிற்க வைத்ததே தவிர, பேச வைக்கவில்லை. 2011-இல் வந்த 'நெய்பர்ஹூட்ஸ்' ஆல்பத்தைப் பாருங்கள். டாம் சான் டியேகோவில் ஒரு ஸ்டுடியோவில், மற்ற இருவரும் லாஸ் ஏஞ்சலஸில். இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான். இருந்தும் பெரும்பாலும் ஃபைல்களை அனுப்பித்தான் வேலை நடந்தது. அக்கம்பக்கம் என்று பெயர் வைத்த ஆல்பம்! விபத்துக்குப் பிறகு ட்ராவிஸ் விமானம் ஏறவில்லை என்பதால் டூர்களுக்கும் சிக்கல். ஐரோப்பாவுக்கு அவர் கப்பலில் போனார். 2013-இல் ஆஸ்திரேலியாவுக்கு அவர் இல்லாமல், வேறு டிரம்மரோடு போனார்கள்.

2015 ஜனவரியில் டாம் இனி வரமாட்டார் என்று அவர் மேனேஜர் மின்னஞ்சல் அனுப்பினார். மற்றவர்கள் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். நான் விலகவே இல்லையே என்று டாம் இன்ஸ்டாகிராமில் எழுதினார். மறுபடியும் அதே கதை. டாமின் இடத்துக்கு ஆல்கலைன் ட்ரையோ குழுவின் மாட் ஸ்கிபா வந்தார். அவரை வைத்துச் செய்த 'கலிஃபோர்னியா' 2016-இல் முதலிடம் பிடித்தது. மோசமில்லை. டாமின் மூக்கால் பாடும் குரல் இல்லாத குறை மட்டும் தெரிந்தது. டாம் அந்தப் பக்கம் பறக்கும் தட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். ஊரே சிரித்தது. பிறகு அவர் நிறுவனம் வெளியிட்ட வீடியோக்கள் நிஜமானவைதான் என்று அமெரிக்கக் கடற்படையே ஒப்புக்கொண்டதும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

2021 ஜூனில், நெருங்கியவர்களுக்கு அனுப்புவதாக நினைத்து, கீமோ ஏறும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தை மார்க் தவறுதலாக எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் போட்டுவிட்டார். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், நான்காம் கட்டம். அந்தக் கோடையில் மூவரும் மார்க் வீட்டில் உட்கார்ந்தார்கள். பழைய கணக்கெல்லாம் அப்போதுதான் பேசப்பட்டது. மேனேஜர் இல்லை, அறிக்கை இல்லை. செப்டம்பரில் மார்க்குக்குப் புற்றுநோய் நீங்கியது. 2022 அக்டோபரில் டாம் திரும்பினார்.

2023 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 'ஒன் மோர் டைம்' இதைத்தான் கேட்கிறது: நாம் பேசிக்கொள்ள ஒரு நோயும் ஒரு விமான விபத்தும் வேண்டியிருந்ததா என்று. ஆல்பம் முழுவதும் அந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், பாதி பழைய சரக்குதான். இந்த ஒரு பாட்டை மட்டும் மூவரும் மாறி மாறிப் பாடுவதைக் கேளுங்கள். ட்ராவிஸ் 2021 ஆகஸ்டில், பதின்மூன்று வருடம் கழித்து, முதல்முறை விமானம் ஏறினார். 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது டிரம்ஸுக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

நன்றி.