ஆடிப்பட்டமும் அந்த 28 நாளும்

(திருக்கருகாவூரில் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, பந்தலும் மைக் செட்டும் இலவசமாகத் தந்த உரக்கடை உரிமையாளர் அவர்களே, பொன்னாடைக்குக் காத்திருக்கும் மற்றப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கருக்காத்த நாயகி குடியிருக்கும் ஊரில் கருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மூன்று செய்திகள்: கரு எப்படித் தங்குகிறது, மூளை எப்போது உருவாகிறது, ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கருக்குழாயில் உண்டான கரு ஒரு வாரம்போல நகர்ந்து வந்து கருப்பையில் ஒட்டுகிறது. மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து குழலாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான். கருத்தரித்து 28 நாளுக்குள் அது மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்த பிள்ளை பிறக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, செவிலியரிடம் பதிந்து, மாத்திரை கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்துவிடுகிறது!

எனவேதான் இதைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை நாள்தோறும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். முன்பே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கூடுதல் அளவு கொடுத்த பன்னாட்டு ஆய்வில், பாதிப்பு பத்தில் ஏழு பங்கு குறைந்தது. அது 1991-இல் வெளியானது. அப்படிப்பட்ட தாய்மார் மருத்துவரைக் கேட்டே கூடுதல் அளவைச் சாப்பிட வேண்டும்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு கல்யாணம். மொய்க் கவரோடு இந்த மாத்திரை அட்டையையும் வைத்து மணமகள் கையில் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார். “கல்யாணத்தன்றே கருத்தடை மாத்திரையா? எங்கள் வம்சம் தழைக்கக் கூடாதா?” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பந்தியில் பாதிப் பேர் சாம்பார்க் கையோடு வந்து நின்றார்கள். நான் விளக்க விளக்க அவர் குரல் ஏறியது. மணமகளின் பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “தம்பி, உங்கள் வயலில் அடியுரம் நடவுக்கு முன்னால் போடுவீர்களா, கதிர் வந்த பிறகா?” மாமன் உட்கார்ந்துவிட்டார். அட்டையைப் பாட்டியே வாங்கி மணமகளின் சுருக்குப்பையில் போட்டார்.

ஆடிப்பட்டம் தேடி விதை! ஆடிப்பெருக்கன்று படித்துறையில் தாலிக்கயிறு மாற்ற வரும் புதுப்பெண்களுக்குக் காதோலை, கருகமணியோடு இந்த அட்டையையும் கொடுத்தால் என்ன? திருமணப் பதிவு அலுவலகத்திலேயே ஏன் கொடுக்கக் கூடாது? ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாவது செய்தியை மருத்துவர் பேசுவார். தலைவர் அம்மையார் கிளம்புவதற்குள் நான் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.