அப்பாவிடம் சொல்லலாம்

குறுவை நடவு மும்முரத்திலும் வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட சங்கத் தலைவர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றதும் அந்தக் காசில் நாப்கின் பெட்டி வாங்கி மேடையில் வைத்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, தூண் ஓரமாகவே நிற்கும் அப்பாமார்களே, உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறது. எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன். மாதவிடாயைப் பற்றி அப்பா ஏன் மகளிடம் பேச வேண்டும், பள்ளிக்கூடக் கழிப்பறைக்காக நாம் ஏன் பேச வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை வீட்டில்தான் திறந்துவிட வேண்டும்.

நம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர், பந்தல், ஃபிளெக்ஸ், மைக் செட். ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் அதே பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், "மெதுவாப் பேசுடி, அப்பா காதுல விழுந்துடப் போவுது!" இது என்ன நியாயம்?

நீடாமங்கலம் பக்கம் ஒரு டிராக்டர் டிரைவர். மனைவி நடவுக்குப் போயிருக்கிறார். எட்டாவது படிக்கிற மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, இடுப்பில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு பாப்பா அடிச்சா?" பதில் இல்லை. "பரிட்சையில மார்க் போச்சா?" அதற்கும் இல்லை. பாபநாசத்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போடுகிறார், எடுக்கவில்லை. துப்பட்டாவை இன்னொரு முறை பார்த்தார், புரிந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்து உளுத்தங்களி கிண்டினார். தண்ணீர் கூடி அது கஞ்சியாகிவிட்டது. நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு, அவள் எதிரில் வைத்துச் சொன்னாராம்: "மாடு கன்னு போடறப்ப ராத்திரி முழுக்கப் பக்கத்துல நின்னவன் நான். எங்கிட்ட என்ன வெக்கம்? சொல்லு." அந்தப் பிள்ளை கஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழுதுகொண்டே சொன்னது: "பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்லப்பா. மாத்த முடியல."

மறுநாள் காலை அவர் தாழ்ப்பாளும் திருப்புளியுமாகப் பள்ளிக்கூடத்தில் நின்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவள் வாயைத் திறந்தாள், அத்தனை பெண்களுக்கும் கதவு மூடியது.

நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா இப்போதுதான் சொன்னார்கள். காலை எட்டு மணிக்கு டவுன் பஸ் பிடிக்கிற பிள்ளை வீடு திரும்ப ஐந்தாகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் திட்டம் 2011இலேயே வந்துவிட்டது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான ஜிஎஸ்டி வரியும் போனது. அதை மாற்ற ஓர் இடம், குழாயில் தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள்: இதைத்தான் நாங்கள் ஊர் ஊராகக் கேட்டு வருகிறோம். மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் சாலையில் உட்காருகிற நாம், பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா?

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். முதல் பக்கம் முழுவதும் அப்பாக்களுக்கு என்று விட்டிருக்கிறது. மகளையும் கூட்டிவந்து, அவள் எதிரில் கையெழுத்துப் போடுங்கள்.