உளவாளியா, வைத்தியரா?

[காட்சி: மலைகளுக்கு நடுவே சிறு ஊர். 1941.]

ஸ்காட்லாந்தின் பிட்லோக்ரி. சாரணச் சிறுமிகள் கூடும் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அங்கே பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு உளப்பகுப்பாய்வு, அதாவது பேச்சின் வழியே மனதின் ஆழத்தைத் தேடும் சிகிச்சை, செய்கிறார் குழந்தை மன வைத்தியர் மெலனி கிளைன். வயது 59. தன் குறிப்புகளில் பையனுக்கு ரிச்சர்ட் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்.

ரிச்சர்ட் தினமும் மூன்று பேப்பர் படிப்பான், ரேடியோ செய்தி ஒன்றையும் விடமாட்டான். தெருவில் மற்ற பிள்ளைகளைக் கண்டால் நடுக்கம். இப்போது புதுச் சிக்கல் வேறு. வைத்தியம் பார்க்கும் கிளைன் அம்மா ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர். ஹிட்லரும் ஆஸ்திரியாவில் பிறந்தவன்தானே? அப்படியானால் இவர் உளவாளியோ?

[காட்சி: அடையாள அட்டை மீது விழும் முத்திரை.]

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனே அப்படித்தான் இருந்தது. 1939இல் போர் மூண்டதும் ஜெர்மன், ஆஸ்திரியக்காரர்கள் 70,000 பேருக்கு மேல் விசாரணைக் குழுக்கள் முன் நின்றார்கள். 1940இல் பிரான்சும் விழுந்த சமயத்தில் சுமார் 27,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள்தான் அதில் பெரும்பகுதி. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டின் மகன் மார்ட்டினும் அடைபட்டார், பேரன் வால்ட்டரை ஆஸ்திரேலியாவுக்கே கப்பலேற்றினார்கள். ஃபிராய்டின் மகள் அன்னாவும் சட்டப்படி 'எதிரி நாட்டவர்'தான். அனுமதியில்லாமல் லண்டனைத் தாண்டக் கூடாது. 1926லேயே குடியேறிவிட்ட கிளைனுக்கு வெளியூர் போக முடிந்தது.

[காட்சி: கொட்டகைச் சுவரில் வரைபடம். மேசையில் கிரேயான்.]

சரி, "நான் உளவாளி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாமே? கிளைன் அதைச் செய்யவில்லை. அவர் முறையில் சந்தேகத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பது தப்பு. வீட்டில் யார்மேல் காட்ட முடியாத பயமோ, அது வைத்தியர்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. விரட்டினால் தடயம் போய்விடும்.

முதல் நாளே ரிச்சர்ட் சொன்னான்: ராத்திரியில் ஒரு நாடோடி வந்து அம்மாவைத் தூக்கிப் போய்விடுவானோ என்று பயம். பிறகு பேச்சு ஹிட்லருக்குத் தாவியது. ஆஸ்திரியர்களையே கொடுமைப்படுத்துகிறானே என்றான். கிளைன் இரண்டையும் முடிச்சுப் போட்டார். அப்படியானால் இந்த ஆஸ்திரிய அம்மாவுக்கும் ஆபத்து என்று நினைக்கிறாயோ? இன்னொரு நாள் அவரை 'ஆஸ்திரிய மொழி' பேசச் சொன்னான். ஜெர்மன் என்ற சொல் வாயில் வரவில்லை. அந்தத் தயக்கத்தையும் அவர் கவனித்தார்.

கிளைனிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எதைத் தொட்டாலும் அப்பா, அம்மா என்று போய் நிற்பார். வீட்டுப் பக்கத்திலேயே குண்டு விழுந்த பிள்ளை அது. குண்டு கொஞ்ச நேரம் குண்டாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே!

[காட்சி: பூட்டப்படும் கொட்டகைக் கதவு.]

நான்கு மாதம், 93 அமர்வுகள். ஆகஸ்டில் கிளைன் லண்டன் திரும்ப வேண்டும். அந்தக் கடைசி நாட்களில் ரிச்சர்டை வாட்டியது வேறு கவலை: அங்கே குண்டு விழுந்து இவர் செத்துப்போனால்?